மூக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் செய்யும் பரிசோதனைகள்: திருகோணமலை நோயாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் பக்கங்களிலிருந்து காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறோம். நடுச்சுவர் வளைவு, பீனிசம், மூக்குக்குள் வளரும் தசை, மூக்கின் வடிவம் ஆகிய நான்கு காரணங்களுக்காகவே பெரும்பாலும் சத்திரசிகிச்சை பேசப்படுகிறது. நாள் குறிப்பதற்கு முன் நடக்கும் பரிசோதனைகளை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். எந்த இடத்தில் கத்தி வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

பல வருடமாக மூக்கடைப்பு. ஏன் உடனே சத்திரசிகிச்சைக்கு நாள் தருவதில்லை?

அடைப்புக்குக் காரணம் ஒன்றல்ல. நடுச்சுவரின் எலும்போ குருத்தெலும்போ வளைந்திருக்கலாம். ஒவ்வாமையால் உள்தோல் வீங்கியிருக்கலாம். மூச்சை இழுக்கும்போது மூக்கின் பக்கச்சுவர் உள்ளே மடங்கலாம். பொலிப் போன்ற வளர்ச்சி வழியை மறிக்கலாம். வளைவைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தலாம், ஆனால் ஒவ்வாமையை வெட்டி எடுக்க முடியாது. வீக்கமே முதன்மைக் காரணமாக உள்ளவருக்கு நடுச்சுவரை மட்டும் நிமிர்த்திவிட்டால், சில மாதங்களில் "பழையபடி அடைக்கிறது" என்று அவர் திரும்பி வருவார்.

அதனால் முதலில் 6 முதல் 8 கிழமை வரை ஸ்டெரொய்ட் மூக்கு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் தருவார்கள். "ஸ்ப்ரே அடித்தேன், பலனில்லை" என்பவர்களில் பலர் அதைப் பிழையாக அடிப்பவர்கள். தலையைச் சற்று முன்னே குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கையாலும், வலது மூக்குக்கு இடது கையாலும் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கக் கண்ணின் வெளிமூலையைப் பார்க்கட்டும். அடித்த பிறகு பலமாக உறிஞ்சாதீர்கள், உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் அந்த இடம் காய்ந்து இரத்தம் கசியும்.

உப்புநீருக்கு 240 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போதும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ கொதிக்க வைக்காமல் மூக்குக்குள் விடவே கூடாது.

கடையில் வாங்கும் அடைப்புத் திறக்கும் துளி மருந்தை ஒரு கிழமைக்கு மேல் விட்டுக்கொண்டிருந்தால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். அதைப் பாவிக்கிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லுங்கள்.

ஒரு நேரம் வலது பக்கம் அடைக்கிறது, இன்னொரு நேரம் இடது பக்கம். இது வருத்தமா?

அது இயல்பான மூக்குச் சுழற்சி. சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு பக்க உள்தோல் வீங்கி மறுபக்கம் சுருங்கும். பெரும்பாலானோர் அதை உணர்வதே இல்லை. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருப்பதுதான் வளைவையோ வளர்ச்சியையோ நினைக்க வைக்கும்.

கிளினிக்கில் மூக்கை எப்படிப் பார்ப்பார்கள்?

முதலில் கருவி எதுவும் இல்லாமல் வெளியிலிருந்து பார்ப்பார்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மூக்கைத் திறக்கும் கருவியை நுழைத்தவுடன் அது பக்கச்சுவரை விரித்துவிடும். மூக்கின் மிக ஒடுங்கிய இடமான உள்வால்வு அதோடு திறந்துகொள்வதால் அங்குள்ள குறை மறைந்துபோகும். ஆகவே சாதாரணமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுக்கச் சொல்லி, பக்கச்சுவர் உள்ளே மடங்குகிறதா என்று முதலில் கவனிப்பார்கள்.

அடுத்தது மூச்சுப் படியும் சோதனை. குளிர்ந்த உலோகத் தட்டை மூக்குத் துவாரங்களுக்குக் கீழே பிடித்து மூச்சை விடச் சொல்வார்கள். இரு பக்கமும் படியும் ஆவியின் அளவை ஒப்பிட்டால் எந்தப் பக்கம் குறைவு என்று கண்ணுக்கே தெரியும். பிறகு கன்னத்தை மூக்கருகில் விரலால் பக்கவாட்டில் இழுத்து மூச்சை இழுக்கச் சொல்வார்கள். இதைக் கொட்டில் (Cottle) சோதனை என்பார்கள். இழுத்தவுடன் வழி திறந்தால் வால்வில் குறை இருக்கலாம். ஆனால் குறை இல்லாத பலருக்கும் இது திறந்ததுபோல் காட்டும். அதனால் மெல்லிய கோலை உள்ளே விட்டு வால்வு இருக்கும் இடத்தை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பார்ப்பது கூடுதல் நம்பகமானது. இதைத் தவறவிட்டு நடுச்சுவரை மட்டும் நிமிர்த்துவதே, சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அடைப்பு நீடிப்பதற்கு முக்கியமான ஒரு காரணம்.

அதன்பின் கருவியால் திறந்து நடுச்சுவர், பக்கத்துத் தசைமடிப்புகள், உள்தோலின் நிறம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வெளிறிய நீலச்சாயலும் தண்ணீர்போன்ற சளியும் ஒவ்வாமையைக் காட்டும். முன்பு அடிபட்டவர், ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்தவர் என்றால் நடுச்சுவரைக் கோலால் தொட்டு, குருத்தெலும்பு எங்கே மிச்சம் இருக்கிறது, எங்கே வெறும் தோல் மட்டும் இருக்கிறது, துளை உண்டா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக உள்தோலைச் சுருக்கும் மருந்தை விட்டு, சுமார் 10 நிமிடம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். மருந்துக்கு வழி நன்றாகத் திறந்தால் குறை பெரும்பாலும் வீக்கத்தில் இருக்கிறது. திறக்காவிட்டால் எலும்பிலோ குருத்தெலும்பிலோ இருக்கிறது. செலவே இல்லாத இந்த எளிய ஒப்பீடு, பல ஸ்கான்களைவிடப் பயனுள்ளது என்பது எங்கள் கருத்து.

எண்டோஸ்கோப்பி நோகுமா?

அழுத்தம் தெரியும், கண்ணீர் வரும், தும்மல் வரலாம். கடும் நோவு இராது. விறைக்க வைக்கும் மருந்தும் உள்தோலைச் சுருக்கும் மருந்தும் நனைத்த பஞ்சை 5 முதல் 10 நிமிடம் மூக்குக்குள் வைப்பார்கள். கசப்பு தொண்டைக்கு இறங்கும். பிறகு 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாய்க் கமரா உள்ளே போகும். ஒடுங்கிய மூக்குக்கும் பிள்ளைகளுக்கும் 2.7 மில்லிமீற்றர் குழாய் உண்டு.

கமரா மூன்று தடவை போகும். முதல் தடவை மூக்கின் தரையோடு பின்மூக்கு வரை சென்று அடினொயிட் எனும் பின்மூக்குச் சதையையும் காதுக்குழாய் வாயையும் பார்க்கும். இரண்டாம் தடவை மேலே, பின்பக்கக் காற்றறை (மூக்கைச் சுற்றிய எலும்புக்குள் உள்ள காற்றுக் குழி, சைனஸ்) திறக்கும் இடத்துக்குப் போகும். மூன்றாம் தடவை நடுமடிப்பின் கீழே நுழையும். பீனிசத்தின் சீழும் சிறு பொலிப்பும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தலை சுற்றினால், வியர்த்தால் உடனே சொல்லுங்கள், நிறுத்திவிட்டுப் படுக்க வைப்பார்கள். தொண்டை விறைத்திருக்கும்வரை, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், சூடான தேத்தண்ணி குடிக்க வேண்டாம். புரையேறும், சுட்டாலும் தெரியாது.

கேள்விப் படிவம் தருகிறார்கள். அது எதற்கு?

உங்கள் கஷ்டத்தை எண்ணால் பதிய வேண்டும் என்பதற்காக. மூக்கடைப்புக்கான படிவத்தில் 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. கூட்டுத்தொகையை 5ஆல் பெருக்கி 100க்குச் சொல்வார்கள். பீனிசத்துக்கு 22 கேள்விகள், அதிகூடிய புள்ளி 110. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதே படிவத்தை நிரப்பும்போதுதான் உண்மையில் எவ்வளவு குணம் என்று தெரியும். பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தருவதை எழுதாமல் உங்கள் அனுபவத்தையே எழுதுங்கள்.

காற்றோட்டத்தையும் உள்வழியின் அகலத்தையும் அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் கருவி காட்டும் எண்ணும் நோயாளி உணரும் அடைப்பும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அந்த வசதி இல்லாத இடத்தில் பரிசோதித்தால் குறைந்துபோயிற்று என்று வருந்த வேண்டியதில்லை.

மணம் தெரிகிறதா என்றும் கேட்பார்கள், சிலவேளை சோதிப்பார்கள். மணம் முன்னமே குறைந்திருந்தால் அது பதிவில் இருக்க வேண்டும்.

சி.டி. ஸ்கான் எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். சாதாரண நடுச்சுவர் வளைவுக்கு வழமையாகத் தேவையில்லை. பீனிசத்துக்கோ பொலிப்புக்கோ எண்டோஸ்கோப் மூலம் சத்திரசிகிச்சை செய்வதென்றால் கட்டாயம் வேண்டும். முகத்துச் சாதாரண எக்ஸ்ரே அதற்குப் போதாது.

எடுக்கும் காலமும் முக்கியம். தடிமன் பிடித்திருக்கும்போது எடுத்தால் ஆரோக்கியமான மூக்கிலும் வீக்கமும் நீரும் தெரியும். மருந்துகளை முழுதாகப் பாவித்து முடித்த பின் எடுத்த படமே, மருந்தால் தீராமல் மிஞ்சியிருக்கும் நோயைக் காட்டும். வேறு ஊரில் எடுத்தால் அச்சுப் படத்தோடு நிற்காமல் முழுத் தொகுப்பையும் இறுவட்டில் கேட்டு வாங்குங்கள். 1 மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய வெட்டுகளை மூன்று தளங்களிலும் கணினியில் நகர்த்திப் பார்க்க அது வேண்டும். அச்சிட்ட நாலைந்து தாளில் அது முடியாது. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தப் படத்தில் நிபுணர் எதைத் தேடுகிறார்?

நோயின் அளவு முதலாவது. 1993இல் வெளிவந்த லண்ட்–மக்கே முறையில் ஒவ்வொரு காற்றறைக்கும் 0, 1, 2 என்று புள்ளி இடுவார்கள், மொத்தம் 24. ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர் கூடுதல் நேரம் செலவிடுவது ஆபத்தான இடங்களில்தான்.

மூளைக்கும் மூக்குக்கும் இடையிலான எலும்புத் தளம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கெரோஸ் என்ற ஆய்வாளர் 1962இல் வகுத்த அளவின்படி 1–3 மில்லிமீற்றர் முதல் வகை, 4–7 இரண்டாம் வகை, 8–16 மூன்றாம் வகை. ஆழம் கூடக்கூடப் பக்கத்து மெல்லிய எலும்பு நீளும், உடைந்து மூளைநீர் கசியும் ஆபத்தும் கூடும். இரு பக்கமும் ஒரே ஆழம் என்று எண்ணிவிடவும் முடியாது. அடுத்து, கண்குழியைப் பிரிக்கும் மெல்லிய எலும்பில் பழைய உடைவு உண்டா, பார்வை நரம்பு பின்பக்கக் காற்றறைக்குள் தெரியும்படி ஓடுகிறதா, மூக்கின் மேற்பகுதியில் ஓடும் முன் எத்மொயிட் நாடி எலும்புக்குள் பதிந்திருக்கிறதா அல்லது வெளியே தொங்குகிறதா, பின்பக்கக் காற்றறையின் தடுப்பு கழுத்து நாடியின் மேலுள்ள எலும்பில் போய் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்தத் தடுப்பை முறுக்கி இழுத்தால் நாடி கிழியலாம் என்பதாலேயே இவ்வளவு நுணுக்கம்.

குளத்தில் குளிக்கும் பிள்ளைக்கு மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம். உள்ளே சிவந்த தசை தெரிகிறது. என்ன அது?

பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பகுதியில் கட்டாயம் நினைக்க வேண்டிய ஒன்று ரைனோஸ்போரிடியோசிஸ். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இந்த நோய் அதிகம். குளம், குட்டை போன்ற தேங்கிய நீரில் குளிப்பதோடு இது தொடர்புபட்டது. கந்தளாய், தம்பலகாமம் போன்று குளமும் வயலுமாக உள்ள இடங்களிலிருந்து வருபவர்களிடம் "எங்கே குளிப்பீர்கள்?" என்று கேட்பது இதற்காகத்தான். ஆளிலிருந்து ஆளுக்கு இது தொற்றுவதில்லை.

தசை இளஞ்சிவப்பாக, மேற்பரப்பில் வெண்ணிறச் சிறு புள்ளிகளோடு, தொட்டாலே இரத்தம் வரும்படி இருக்கும். சாதாரண பொலிப் சாம்பல் வெண்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கும், எளிதில் இரத்தம் வராது. இந்த வேறுபாட்டைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கண்டுகொண்டால் ஆயத்தமே மாறும். ஹீமோகுளோபின் பார்த்து, குருதி வகை பொருத்தி வைக்க வேண்டும். தசையின் வேர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று எண்டோஸ்கோப்பால் தேட வேண்டும், ஏனெனில் வேரை மின்னால் சுடாவிட்டால் திரும்ப வளரும். பின்தொண்டையையும் கண்ணிமையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும், அங்கும் இது வரும். மயக்க மருந்து வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டால் தசை உடைந்து சுவாசக்குழாய்க்குள் விழலாம். திரும்ப வராமல் இருக்க டெப்சோன் குளிசை தரும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் ஜி6பிடி எனும் நொதியின் குறைபாடு உண்டா என்று குருதியில் பார்ப்பார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து மறுபடி அதே நீரில் முங்கினால் மறுபடியும் தொற்ற வழி உண்டு.

ஒரு பக்கம் மட்டும் தசை இருந்தால் ஏன் இத்தனை கேள்வி?

ஒவ்வாமையும் பீனிசமும் தரும் பொலிப்புகள் வழமையாக இரு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும். பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்க அடைப்போடு மூக்கால் இரத்தம் பெருகினால், அது நாளங்கள் நிறைந்த கட்டியாக இருக்கலாம். கிளினிக் கதிரையில் வைத்துத் துண்டெடுத்தால் நிறுத்த முடியாத இரத்தப்போக்கு வரும். குழந்தையின் மூக்கில் உருண்டையாகத் தெரிவது மூளையின் உறை இறங்கியதாகவும் இருக்கலாம். இவ்விரண்டிலும் ஸ்கான் முதலில், துண்டு பிறகு. ஒரு பக்கம் மட்டும் நாற்றமுள்ள சளி வடியும் சிறு பிள்ளைக்கு, உள்ளே மணியோ விதையோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

குருதிப் பரிசோதனைகள் எவை?

ஆளுக்கு ஆள் வேறுபடும். முழுக் குருதி எண்ணிக்கையும் சீனியும் பெரும்பாலும் உண்டு. வயது கூடியவர்களுக்கு ஈ.சி.ஜி.யும் சிறுநீரகச் செயற்பாடும் பார்ப்பார்கள். ஆனால் இரத்தப்போக்கைப் பொறுத்தவரை எந்த அறிக்கையையும்விட உங்கள் வாய்ச்சொல் பெரிது. பல் பிடுங்கியபோது நெடுநேரம் நிற்காமல் வந்ததா, சிறு அடிக்கும் கண்டிப்போகுமா, மாதவிடாய் மிக அதிகமா, குடும்பத்தில் யாருக்கும் அப்படி உண்டா? வொன் வில்லிபிராண்ட் போன்ற, இரத்தம் சரியாக உறையாத குறைபாடுகளில் வழமையான உறைதல் சோதனைகள் சரியாகவே வரலாம்.

அஸ்பிரின், குளொபிடோகிரல், வாபரின் பாவிக்கிறேன். நானே நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இவை இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகள். மூக்கின் உள்தோலில் நாளங்கள் மிக அதிகம். சிறு கசிவும் எண்டோஸ்கோப்பின் கண்ணை மறைத்துவிடும். அதனால் பொதுவாக அஸ்பிரினை 7 முதல் 10 நாளும், குளொபிடோகிரலை 5 முதல் 7 நாளும், வாபரினை 5 நாளும் முன்பே நிறுத்துவதுண்டு. ஆனால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், வால்வு மாற்றியவர், பாரிசவாதம் வந்தவர் தாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இருதய நிபுணரிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள். டைக்ளோபினாக், ஐபுபுறொபன் போன்ற நோவுக் குளிசைகளையும் சொல்லுங்கள். இடையில் நோவுக்குப் பனடோல் போதும்.

ஆயுர்வேத, சித்த மருந்துகள், மீன் எண்ணெய், உள்ளிக் குளிசை போன்றவற்றையும் மறைக்க வேண்டாம். சில இரத்தம் உறைவதைப் பாதிக்கும். பொதுவாக இரண்டு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். கறியில் போடும் உள்ளிக்குத் தடையில்லை.

சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது.

கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் குருதிச் சோதனை) 8.5 சதவீதத்துக்கு மேல் என்றால் அவசரமற்ற சத்திரசிகிச்சையைத் தள்ளிவைப்பது பரவலான வழக்கம். குருதி அமுக்கம் 180/110க்கு மேல் இருந்தாலும் அப்படியே. பிரஷர் கூடினால் மூக்கில் இரத்தமும் கூடும், உள்ளே விடும் சுருக்க மருந்து அதை மேலும் ஏற்றும். அன்று காலை எந்தக் குளிசை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொன்றின் பெயருக்கும் நேரே எழுதி வாங்குங்கள். டபக்லிபுளோசின், எம்பக்லிபுளோசின் வகைச் சீனிக் குளிசைகளைச் சுமார் 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், அதை விசேடமாகக் கேளுங்கள்.

ஆஸ்துமா இருந்தால்?

இழுப்பு கட்டுப்பாட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். இன்ஹேலரை அன்று காலையும் எடுத்து, கையோடும் கொண்டுவாருங்கள். பொலிப்பும் ஆஸ்துமாவும் சேர்ந்து இருப்பவர், அஸ்பிரினோ நோவுக் குளிசையோ போட்டு மூச்சுத் திணறியதுண்டா என்று யோசித்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒருமுறை நடந்திருந்தாலும் அந்த வகை மருந்து சத்திரசிகிச்சைக்குப் பிறகும் தரக்கூடாது.

வெற்றிலை போடுவதற்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு?

பாக்கை நீண்டகாலம் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி வாய் முழுதாகத் திறக்காமல் போகும். மயக்க மருந்து தரும்போது குழாயை வாய் வழியாகவே விடுவார்கள். உங்கள் கையின் மூன்று விரல்களை நிமிர்த்தி மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் முற்கூட்டியே சொல்லுங்கள், சிறப்பு ஆயத்தம் வேண்டும். புகைப்பவர் குறைந்தது 4 கிழமை முன்பே நிறுத்தினால் காயமும் நன்றாக ஆறும், நெஞ்சும் தெளியும்.

குறட்டை பற்றி மனைவியிடம் ஏன் கேட்கிறார்கள்?

தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பார்ப்பவர் பக்கத்தில் படுப்பவர்தான். குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்றல், பிரஷர், உடற்பருமன், 50க்கு மேற்பட்ட வயது, 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆண் என்ற எட்டில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து அதிகம். மூக்கை அடைத்துக் கட்டிய அன்று இரவு அவருக்கு மூச்சு மேலும் தடைப்படும். விடுதியில் ஒட்சிசன் அளவைக் கவனித்தபடி வைத்திருக்க வேண்டும்.

நாள் நெருங்கும்போது காய்ச்சல், தடிமன் வந்தால்?

வைத்தியசாலைக்கு அறிவியுங்கள். பொதுவாக 2 முதல் 4 கிழமை தள்ளிவைப்பார்கள், பிள்ளைகளுக்குச் சிலவேளை இன்னும் கூட. வாடைக்காற்றும் மழையும் தொடங்கி டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலை "சும்மா காய்ச்சல்" என்று விடாதீர்கள். குருதிச் சிறுதட்டுகள் வழமைக்கு வந்ததை மறுபடி எடுத்த அறிக்கை காட்டிய பிறகே மூக்கில் கை வைக்க வேண்டும்.

மூக்கின் வடிவத்தை மாற்ற விரும்புகிறேன். என்ன பார்ப்பார்கள்?

முன்பக்கம், இரு பக்கம், இரு சாய்வு, கீழிருந்து என்று ஒரே வெளிச்சத்தில் படங்கள் எடுப்பார்கள். தோலின் தடிப்பு, நுனியின் தாங்கும் வலு, மூச்சுவழி எல்லாம் பார்ப்பார்கள். தோல் தடித்தவருக்கு உள்ளே செய்யும் நுண்ணிய மாற்றம் வெளியே மங்கலாகத்தான் தெரியும், வீக்கம் வடிய ஒரு வருடமும் ஆகலாம். முக வளர்ச்சி முடிய வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு 15–16, ஆண்பிள்ளைகளுக்கு 17–18 வயதளவில். பிறர் கண்ணுக்கே தெரியாத குறையை நாள் முழுதும் நினைத்து வாடுபவர் என்றால் மனநல நிபுணரிடம் முதலில் அனுப்புவார்கள். அவமானப்படுத்த அல்ல. அந்த நிலையில் எந்தக் கத்தியும் அவருக்கு நிம்மதி தராது.

எத்தனை மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும்?

பாண், இடியப்பம் போன்ற இலகு உணவு 6 மணித்தியாலம் முன் வரை. பொரியல், இறைச்சி, புரியாணி என்றால் 8. பால் தேத்தண்ணி உணவாகவே கணக்கு, அதுவும் 6 மணித்தியாலம். தண்ணீரும் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியும் 2 மணித்தியாலம் முன் வரை குடிக்கலாம். தாய்ப்பாலுக்கு 4. வைத்தியசாலை வேறு நேரம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். நோன்பு மாதத்தில் நாள் விழுந்தால், நீர் குறைந்த உடலோடு வராதபடி முன்னமே பேசி நேரத்தையோ நாளையோ மாற்றுங்கள்.

மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா?

ஆம், ஸ்கானுக்கும் கழற்ற வேண்டும், உலோகம் படத்தில் கோடு கோடாக விழும். பல வருடம் கழற்றாத திருகு மூக்குத்தி விடுதியில் வைத்து வராது. சில நாட்களுக்கு முன்பே நகைக்கடையில் கொடுத்துக் கழற்றி, அந்த இடம் புண்ணாகாமல் பாருங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், ஒட்சிசன் அளக்கும் கருவி விரலில்தான் மாட்டப்படும்.

நான் கடலில் முங்கித் தொழில் செய்பவன். அதைச் சொல்ல வேண்டுமா?

முதல் நாளே சொல்லுங்கள். முங்கும்போது நெற்றியிலோ கன்னத்திலோ குத்துகிறதா, காது திறக்க மறுக்கிறதா, மேலே வந்ததும் மூக்கால் இரத்தம் வருகிறதா என்று கேட்பார்கள். எந்தக் காற்றறையின் வாய் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல குறிப்பு. காதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது 6 கிழமை முங்க முடியாது. அதன்பிறகும் எண்டோஸ்கோப்பில் ஆறியதைப் பார்த்து வைத்தியர் சொன்னால்தான் இறங்க வேண்டும். ஆகவே தொழில் குறையும் பருவத்துக்கு நாளைக் கேட்டு வாங்குங்கள்.